செவ்வந்தி பெயரில் போன பதில்

நேர்காணல் முடிந்தும் பம்ப் கம்பெனியிலிருந்து ஒரு தகவலும் வராததால், செவ்வந்தி பெரியநாயக்கன்பாளையத்துக்கு நேரிலேயே போய்க் கேட்டாள். ஆள் எடுக்கும் நவ்யா தன் செல்போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து திருப்பிக் காட்டினாள்.

"சேரச் சொல்லி மெசேஜ் போட்டதுக்கு நீங்கதானுங்களே வரலைன்னு போட்டீங்க?"

'குடும்பச் சூழ்நிலை காரணமாக வேலைக்கு வர இயலாது. நன்றி.' மேலே செவ்வந்தியின் படம், அவளுடைய எண். அவள் போனில் அந்த உரையாடலே இல்லை. அவள் எண்ணை இணைத்த ஒரு கருவியில் அழித்தால் அவள் பக்கம் எல்லாக் கருவியிலும் அழிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"நான் அனுப்பலைங்க," என்றாள்.

நவ்யா கடிகாரத்தைப் பார்த்தாள். "சாயங்காலத்துக்குள்ள சர்டிபிகேட்டோட வந்தா சேத்திக்கலாமுங்க. அதுக்கு மேல வேற ஆளக் கூப்புட்டுருவோம்."

கோவை கணபதியில் அவள் வீட்டுக்குக் கீழேயே, மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கணவன் கதிரின் பட்டறை. தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஆர்டர்களுக்கு அவள் எண்தான். அதைப் பட்டறைக் கம்ப்யூட்டரிலும் இணைத்திருந்தார்கள். அவள் அடுப்படியில் பாதி எழுதிய பதிலை அவன் கீழே முடித்து வைப்பான். பேசுவது இரண்டு பேர் என்று எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவளும் அவள்தான்.

அவள் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் கதிரின் கூட்டாளி மருதாசலம் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் வடை, எண்ணெய் விரல் மவுசின்மேல். திரையில் அவள் அக்கா பொற்கொடிக்கு எழுதியது ஓடிக்கொண்டிருந்தது: நிற்காத உதிரப்போக்கு, ஸ்கேன், டாக்டரம்மா கேட்டவை.

"வா அம்மணி. வயித்துவலி இப்பத் தேவலையா?"

உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அவள் கதிரிடம் திரும்பி, "கம்பெனிக்கு ஆருங்க பதில் போட்டது?" என்றாள்.

மூலையில் காயில் கட்டிக்கொண்டிருந்த கதிர் தலையை நிமிர்த்தவில்லை. "கம்பெனிக்கு நாந்தான் போட்டேன். நீ காலைல கெளம்பிட்டா கொட்டேசனெல்லாம் ஆரு பாக்கறது? கேட்டா அழுவே. அதான் நானே முடிச்சுபோட்டேன்."

"எம்பேர்ல."

"ஒரே நம்பர்தானே புள்ள. எனக்காவ நீ பதில் போடறதில்லையா?"

"காப்பர் கம்பி வெல சொல்றதும் இதுவும் ஒண்ணுங்களா?"

"உடு அம்மணி, குடும்பம்னா..." என்று மருதாசலம் இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணா. நான் என்ன மாத்திரை முழுங்கறேன்னு உங்களுக்குத் தெரியுது. எனக்கு வேல கெடச்சது எனக்குத் தெரியல."

மருதாசலம் வடையைக் காகிதத்தில் வைத்தார். அவள் தன் போனில் இணைப்பைத் துண்டித்தாள். திரையிலிருந்து எல்லாம் மறைந்து, மறுபடி இணைக்க ஸ்கேன் செய்யச் சொல்லும் க்யூஆர் கட்டம் மட்டும் நின்றது.

இப்போதுதான் கதிர் எழுந்தான். "மேட்டுப்பாளையத்துப் பார்ட்டி காத்துட்டு இருக்கறாரு. அவுருக்குக் கொட்டேசன் அனுப்பிப்போட்டுக் கட் பண்ணக் கூடாதா?" போனுக்காகக் கை நீட்டினான். கையெல்லாம் வார்னிஷ்.

அந்தக் கை இதுவரை எதையெல்லாம் தள்ளித் தள்ளிப் படித்திருக்கும் என்று நினைத்தபோது அவள் உடம்பு கூசியது. மாடிக்குப் போய்ச் சான்றிதழ்ப் பையை எடுத்து வந்தாள். கதிர் வாசலை மறைத்து நின்றான். அவன்மேல் படாமல் ஒருக்களித்து இறங்கினாள்.

கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் முந்தானையால் போனை அழுத்தித் துடைத்தாள். அதை வேறு யாரும் தொட்டிருக்கவில்லை. இருந்தும் மறுபடி துடைத்தாள்.