கரிண்டாவில் கடல் ஏறிய காலம்

ஏழாண்டு உத்தரவாதம் முடிந்த பதினொன்றாம் நாள், காலை ஒன்பதே முக்காலுக்கு, லைல் நோஸ்கியின் எஸ்யூவிக்குள் கடல் ஏறத் தொடங்கியது. கரிண்டாவுக்கு மிக அருகில் இருக்கும் கடற்கரை அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெடல்களுக்கு அடியிலிருந்து கிளம்பிய தண்ணீர் இருக்கைகளை மூழ்கடித்து, பிற்பகல் நான்கு மணிக்கு ஸ்டியரிங்கின் பாதியில் நின்று, பிறகு வந்த வழியே இறங்கியது. கதவைத் திறந்தால் முற்றத்தில் கணுக்கால் அளவு பரவும். இறங்கும் நேரம் வந்ததும், செம்மண்ணில் ஒரு சொட்டு விடாமல் காருக்குள் திரும்பிவிடும். தரைவிரிப்பில் ஒரு கைப்பிடி வெள்ளை மணலும் உயிருள்ள நாலு மட்டிகளும் மிச்சமாகும். அடுத்த நாள் ஐம்பது நிமிடம் தாமதமாக ஏறியது. கரிண்டாவில் அப்போது மழை பெய்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலியோரம் கூடியவர்கள் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. குடிக்கலாமா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

ஊரின் ஒரே மெக்கானிக் நெரிடா கெர்ஸ்லேக் வந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு காருக்கு அடியில் முதுகால் ஊர்ந்து போய் டார்ச் அடித்தார். சேஸிஸ் முழுக்க உப்பு பூத்திருந்தது. இந்த மாநிலத்தில் கடற்கரை மணலில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும், வெளியேறும் வழியில் இருக்கும் குழாயடியில் வரிசையில் நின்று, காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் தார்ச்சாலை ஏறுவார்கள். குடிகாரன்கூட அதை மறக்கமாட்டான்.

"பீச்ல ஓட்டிட்டு வந்து அடியில கழுவலையா நீ? என்ன மனுஷன்ப்பா..." என்று காருக்கு அடியிலிருந்தே தொடங்கிய நெரிடா பாதியில் நிறுத்திக்கொண்டார். வெளியே வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எந்தப் பயணத்திலிருந்து அந்தக் கார் கழுவப்படாமல் வந்தது என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. டீகன் நோஸ்கி அவருடைய நெட்பால் அணியில் ஆறு ஆண்டுகள் ஆடியவள். சவப்பெட்டி இல்லாமல் நடந்த இறுதி வழிபாட்டில் அவளைப் பற்றிப் பேசியவர் நெரிடாதான்.

காருக்குள் கடல் வருவதற்கு முந்தைய ஜனவரியில் லைலும் மனைவி ரோண்டாவும் மகள் டீகனும் கிரேசன் வளைகுடாவில் கூடாரம் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் கார் மணலில் புதைந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்ததால் லைல் அவசரமாக டயர்களில் காற்றை இறக்கி, மண்டியிட்டு, மண்வெட்டியால் சக்கரங்களைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார். வெயிலில் நின்று அலுத்த டீகன், "அப்பா, ஒரு முங்கு முங்கிட்டு வரேன்" என்றாள். லைல் தலையை நிமிர்த்தாமலே "தூரமா போகாதே" என்றார். முக்கால் மணி நேரத்தில் கார் மணலிலிருந்து விடுபட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் ஹாரனை மூன்று முறை அடித்தார். கூடாரத்திலிருந்து ரோண்டா ஓடிவந்தார். கடலிலிருந்து யாரும் வரவில்லை. படகுகளும் ஹெலிகாப்டரும் நான்கு நாள் தேடின. ஐந்தாம் நாள் காலை போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அன்றைக்கே இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். குழாயடியில் வரிசை இருந்தது. லைல் அதைப் பார்த்தார், நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது தண்ணீர்க் கட்டுப்பாடு அமலில் இருந்தது. ஹோஸ் குழாயைத் தொட்டாலே அபராதம்.

காரை விற்ற நகரத்து ஷோரூமுக்கு லைல் போன் செய்தார். "உங்க கஷ்டம் புரியுது, லைல். ஆனா சிஸ்டம்ல பதினொரு நாள் தாண்டிருச்சுன்னு காட்டுது" என்றது ஒரு கனிவான குரல். பலமுறை மன்றாடியபின் டோட்மன் என்ற ஆய்வாளரை அனுப்பினார்கள். கடல் நிறைந்திருந்த நேரமாக வந்த அவர், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி நின்று, அகப்பட்டதையெல்லாம் படம் பிடித்தார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. உரிமையாளர் வாகனத்தின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவத் தவறியதால் நேர்ந்த சேதம் இது, கருணை அடிப்படையிலும் ஏற்பதற்கில்லை என்று அதில் இருந்தது. லைல் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல நாள் திரிந்தார். துவைக்க எடுத்தபோது ரோண்டாவின் கையில் அது சிக்கியது. படித்துவிட்டு ரோண்டா சொன்னார்: "கழுவியிருந்தா இந்தக் கடல் வந்திருக்காது. அந்தப் பயணத்துல நீ பண்ணின ஒரே நல்ல காரியம் அதுதான், லைல்."

மதுக்கடையில் முதல் இரண்டு மாதம் கேலி நடந்தது. "என்ன லைல், இன்னிக்கு டிக்கில மீன் மாட்டுதா?" என்று கேட்டவர்களில் ஒருவன் நிஜமாகவே பின்கதவு வழியாகத் தூண்டில் போட்டு இரண்டு கிழங்கான் மீன் பிடித்துப்போய்ப் பொரித்துத் தின்றான். அதன்பிறகு ஏப்ரலில் ஒரு நாள், இறங்கிய கடல் பின்னிருக்கையில் ஒரு ரப்பர் செருப்பை விட்டுப்போனது. பச்சை வார், இடது கால். குதிகால் பக்கம் பேனாவால் டீகன் தன் பெயரின் முதல் எழுத்தைக் கிறுக்கியிருந்தது இன்னும் அழியாமல் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் தூண்டில் கொண்டுவரவில்லை. ரோண்டா அதை வாசற்படியில், அவள் எப்போதும் கழற்றிப்போடும் இடத்தில் வைத்தார். "செருப்பு வந்துருச்சு. பின்னாடியே அவளும் வருவா" என்று பேக்கரியில் ரொட்டி வாங்கும்போது சாதாரணமாகச் சொன்னார். பேக்கரிக்காரர் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தார். ஊரில் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. கடலே இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, ஒரு பெண் வருவதில் அவர்களுக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இன்ஜின் ஓடிய நாட்களில் மட்டும்தான் கடல் வந்தது. பேட்டரி செத்த ஒரு செவ்வாய்க்கிழமை கார் காய்ந்து கிடந்தது, ரோண்டா அன்று முழுக்கப் பின்கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்படியானால் டீகன் வந்து சேரும்வரை கார் ஓட வேண்டும். ஆனால் அவளைக் கொண்டுவர வேண்டிய அதே உப்புத்தண்ணீர் காரைத் தின்றுகொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் போனது. மாற்றியது ஐந்தே மாதத்தில் போனது. ஒயர்கள் பச்சை பூத்தன. கியர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி போனபோது அந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் செய்வதில்லை என்றார்கள். கங்காருவில் மோதி நொறுங்கிய அதே மாடல் கார்களை நெரிடா மூன்று மாநிலங்களில் தேடி, அவற்றின் உறுப்புகளை இதில் பொருத்தினார். டாஷ்போர்டில் எரியக்கூடிய எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்தன. "இது கார் இல்ல லைல், மீன்தொட்டி. இதுக்கு நான் லைசென்ஸ் எடுக்கல" என்பார் நெரிடா. சொல்லிவிட்டு மறுநாளும் வருவார். கடல் இறங்கியிருக்கும் ஆறு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் அவருடைய பட்டறைச் சுவரில் கிரேசன் வளைகுடாவின் கடலேற்ற அட்டவணை தொங்கியது. முதல் நாளிலிருந்தே ஹாரனும் வேலை செய்யவில்லை. அதை மட்டும் லைல் சரிபார்க்கச் சொல்லவில்லை, நெரிடாவும் கேட்கவில்லை.

இப்படி மூன்று ஆண்டுகள் போயின. கோதுமை மூன்று முறை விதைக்கப்பட்டு மூன்று முறை முளைக்காமல் போனது. பக்கத்து நிலத்துக்காரர் கிம் டுட்ஷ்கி தன் ஆடுகளைப் பாதியாகக் குறைத்தார், பிறகு மீதியையும் விற்றார். லைல் தினமும் காலையில் தானியக் கிடங்கு வேலைக்குப் போகுமுன் சாவியைத் திருப்புவார். ரோண்டா சமையலறை ஜன்னலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். இன்ஜின் பிடித்துக்கொண்டால் அடுப்பில் கெட்டில் ஏறும். கணவன் மனைவிக்குள் அதுவே அன்றைய பேச்சு. கடல் மட்டிகளையும் பாசியையும் ஒருமுறை ஒரு சிறு திருக்கை மீனையும் கொண்டுவந்தது. வலது செருப்பைக் கொண்டுவரவில்லை. மூன்றாம் ஆண்டின் முடிவில் சக்கரங்கள் துருவேறிப் பூட்டிக்கொண்டன. ஜாக்கி வைத்தால் தகரம் பிஸ்கட்போல் நொறுங்கியது. கார் இனி முற்றத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராது, இன்ஜின் மட்டும் ஓடும், அதுவும் எத்தனை நாளைக்கென்று சொல்ல முடியாது என்றார் நெரிடா.

அந்த நிலையில்தான் மே மாதம் மழை அறிவிப்பு வந்தது. இரண்டு நாளில் நூறு மில்லிமீட்டர் என்று வானொலி சொன்னதும் தேவாலயத்தில் மணி அடித்தார்கள், மதுக்கடையில் முதல் சுற்று இலவசம் என்றார்கள். லைல் மட்டும் வானொலியை அணைத்துவிட்டு ரோண்டாவைப் பார்த்தார். மழைத்தண்ணீர் நல்ல தண்ணீர். நூறு மில்லிமீட்டர் நல்ல தண்ணீர் அந்தக் காரைக் கழுவிவிடும்.

அவர் யாரிடமும் உதவி கேட்கவில்லை. கிடங்கில் தானியக் குவியலை மூடும் பெரிய நீலத் தார்ப்பாயைத் தனியாகச் சுருட்டி இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டவர்கள் புரிந்துகொண்டார்கள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் துளி விழுந்தபோது, ஐந்து ஆண்டுகளாக மழைக்குக் காத்திருந்த கரிண்டாவில் நடக்க முடிந்த எல்லோரும் நோஸ்கி வீட்டு முற்றத்தில் தார்ப்பாயின் ஓரத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. கிம் டுட்ஷ்கி வடக்கு மூலையில் இருந்தார். அவர் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நீ போ, கிம். உன் நெலத்தப் போய்ப் பாரு" என்றார் லைல்.

"எனக்கு இந்த மழை வேணும், லைல். சத்தியமா வேணும். அது பாட்டுக்குப் பெய்யட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்த மூலைய விடமாட்டேன்."

"கை வலிக்கலையா?"

"வலிக்குது. வாய மூடிட்டு நில்லு."

மூன்று மணி வரை ஒரு துளிகூடக் காரின்மேல் விழவில்லை. ஆனால் தண்ணீர் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. மூன்றே காலுக்கு, ஐந்து ஆண்டுகளாக மணல் தடமாகக் கிடந்த ஓடை கரைபுரண்டு, வேலிக்கம்பிகளுக்கு ஊடாகச் செந்நிறமாக முற்றத்துக்குள் நுழைந்தது. லைல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். காரைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பப் பார்த்தார். வெட்டிய வாய்க்காலைச் சேறு மூடியது. மறுபடி வெட்டினார். சக்கரங்களைச் சுற்றி, தலையை நிமிர்த்தாமல், மூச்சு வாங்க வெட்டிக்கொண்டே இருந்தார். ஓடைத்தண்ணீர் காருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளுப்பாக வெளியேறிக்கொண்டிருந்தது. நெரிடா அவர் தோளைத் தொட்டார், அவர் உதறினார். கடைசியில் ரோண்டா வந்து பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து, மண்வெட்டியின் காம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போதும், லைல். மண்வெட்டிய போடு."

"இன்னும் கொஞ்சம்தான். இந்தப் பக்கம் திருப்பிட்டா..."

"நிமிந்து பாரு. இந்தத் தடவையாவது பாரு."

லைல் நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் கடல் இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்க வேண்டிய நேரமில்லை. அட்டவணைப்படி நிறைந்திருக்க வேண்டிய நேரம். தெளிவான, பச்சை கலந்த தண்ணீர், ஓரங்களில் கொஞ்சம் நுரையோடு, ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கும் இருக்கையிலிருந்து பெடலுக்கும் மெதுவாக இறங்கியது. இருவரும் சேற்றில் உட்கார்ந்தபடி, கடைசிச் சொட்டு போகும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். இனி மூடிப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தபிறகும் வெகுநேரம் யாரும் தார்ப்பாயைப் பிடித்த கையை இறக்கவில்லை.

மழை இரண்டாம் நாள் மாலை நின்றது. மூன்றாம் நாள் நெரிடா வந்து, என்ன மிச்சம் என்று பார்ப்பதற்காகச் சாவியைத் திருப்பினார். கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. ஷோரூமிலிருந்து நேற்று எடுத்த வண்டிபோல் இருந்தது. சக்கரங்கள் சுழன்றன, கியர் விழுந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே வந்த நெரிடா, பட்டறைப் பழக்கத்தில், யோசிக்காமல் ஹாரனை அழுத்திவிட்டார். அது கணீரென்று அடித்தது. வீட்டுக்குள்ளிருந்து ரோண்டா மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து, வாசற்படியில் ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் நின்று, காரைப் பார்த்தார். பிறகு முற்றத்துக்கு அப்பாலும் பார்த்தார். நெரிடா இறங்கி, சாவியை லைலின் கையில் கொடுத்துவிட்டு, கூலி எதுவும் பேசாமல் நடந்தே பட்டறைக்குத் திரும்பினார்.

அந்தக் கார் இன்றைக்கும் ஓடுகிறது. ஐந்து லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, ஆயில் மாற்றுவதைத் தவிர ஒரு செலவு வைத்ததில்லை. லைல் அதில்தான் வேலைக்குப் போகிறார். கடல் பிறகு வரவில்லை. ஓடைத்தண்ணீர் அன்று வெளுப்பாகப் பாய்ந்து தேங்கியது கிம் டுட்ஷ்கியின் பள்ளமான கீழ்வயலில். உப்பு ஏறிய மண்ணில் இனிப் புல்கூட முளைக்காது என்று விவசாய அலுவலர் சொன்னதைக் கேட்காமல் கிம் அங்கே விதைத்தார். கோதுமை இடுப்பளவு வளர்ந்தது. அந்த வயலின் மாவை பேக்கரிக்காரர் மற்ற மாவோடு கலப்பதில்லை, தனியாகப் பிசைகிறார். அதற்கு உப்புப் போட வேண்டியதில்லை. ஊரில் எல்லோரும் வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்கள். ரோண்டா மட்டும் எதுவும் தடவாமல், சிறு சிறு துண்டாகப் பிய்த்து, ஒரு பொடிகூடச் சிந்தாமல் சாப்பிடுகிறார்.