மைதானச் சுவரில் ஒரு பெயர்

எங்கள் பூங்காவைச் சுத்தம் செய்யச் சனிக்கிழமை காலை இருபது பேர் வந்தோம். கூலி கிடையாது. மதியம் ஆளுக்கு ஒரு தட்டு பன்சித் நூடுல்ஸ், அதுவும் நானே கிண்டியது. ஷாம்பு பாக்கெட், சிகரெட் துண்டு, குழந்தை டயப்பர் என்று பதினோரு சாக்கு நிரம்பியது. மணிலாவில் குப்பை போடுவதற்குப் போட்டி வைத்தால் எங்கள் தெரு கோப்பையோடு திரும்பும்.

திங்கட்கிழமை சுத்தமான வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு வருகிறதாம். அதனால் கூடைப்பந்து மைதானச் சுவரில் உள்ள கிறுக்கலையெல்லாம் மறைத்து வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தார் வட்டாரத் தலைவர் ரொகெலியோ. கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட வார்த்தைகள், காதல் அம்புகள், ரவுடிக் கும்பல்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஆசைதீர அழித்தேன். ஓரிடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது.

நீல எழுத்தில் ‘ஜொமார் 9’. எங்களோடு குப்பை பொறுக்க வந்திருந்த பக்கத்து வீட்டுத் தெல்மாவின் மகன். பதினேழு வயதில் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கூட ஆடிய பையன்கள் அவன் பனியன் நம்பரோடு எழுதி வைத்தார்கள். வாடகைக் கல்லறையின் ஐந்து வருடக் கெடு முடிந்ததும் எலும்பை எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிட்டார்கள். இந்த ஊரில் அவன் பெயர் மிஞ்சியிருந்த ஒரே இடம் அந்தச் சுவர். ஞாயிறுதோறும் தெல்மா அதன் கீழே மெழுகுவர்த்தி ஏற்றுவாள்.

"இதை மட்டும் விட்டுடுங்க கேப்டன்," என்றேன்.

"எர்லிண்டா அக்கா, நான் என்ன மனுசன் இல்லையா? இப்போ மொத்தமா அடிச்சிடுங்க. சாயங்காலமே போர்டு எழுதுறவனைக் கூட்டிட்டு வந்து அந்தப் பேரை அழகா எழுத வைக்கிறேன். தெல்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. உங்க பேச்சைத்தான் கேப்பா."

கேட்டாள். "நீ சொன்னா சரிக்கா" என்று சொல்லி, மகன் பெயர்மேல் தன் கையாலேயே வெள்ளை அடித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து நானும் அவளும் பூங்காவுக்குப் போனோம். சுவரில் ஆள் உயரத்துக்கு ரொகெலியோவின் முகம், பல் முப்பத்திரண்டும் தெரிய. கீழே, ‘இந்தப் பூங்கா உங்கள் கேப்டனின் அன்பளிப்பு’. அன்பளிப்பாம்! குனிந்து ஒரு மிட்டாய்த் தாள் பொறுக்காத மனுஷன்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடி, அவன் வீட்டு வாசல்லயே நின்னு நாலு கேள்வி கேப்போம்."

தெல்மா நகரவில்லை. "என் புள்ள இதுக்கு அடியிலதானேக்கா இருக்கான். நான் வேற எங்க போய் ஏத்துவேன்?" பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து, அந்த முகத்தின் மோவாய்க்குக் கீழே ஏற்றி, ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் தொப்பியைக் கழற்றினார். "ஐயோ, கேப்டன் எப்போ போனாரு?"

எனக்குப் பொறி தட்டியது. தெருவுக்குள் ஓடினேன். கால் மணி நேரத்தில் குப்பை பொறுக்கிய அத்தனை பேரும் மெழுகுவர்த்தியோடு வந்துவிட்டார்கள். கோயில் வாசலில் மல்லிகை விற்பவள் படத்தின்மேல் ஒரு சரத்தையே தொங்கவிட்டாள். இறந்தவர் ஆன்மாவுக்கான ஜெபத்தைத் தொண்டை கிழியச் சொன்னோம்.

வெறும் பனியனோடு ஓடி வந்தார் ரொகெலியோ. முகம் வெளிறியிருந்தது.

"அணைங்க! உசிரோட இருக்கறவனுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏத்துறீங்களே! துக்கம் கேட்டு வாசல்ல ஆளு நிக்குது. என் பொண்டாட்டி மயங்கி விழுந்துட்டா!"

"உங்களுக்கு யாரு ஏத்துனா? இது ஜொமாருக்கு. நடுவுல நீங்க வந்து இளிச்சா நாங்க என்ன பண்றது?"

"அக்கா, கால்ல விழறேன். அந்தப் படத்தை அடிச்சு மறைங்க."

"சும்மா வேலை செய்யறவங்களுக்கு இன்னிக்கு லீவு கேப்டன்." நேற்று மிஞ்சிய வெள்ளைப் பெயின்டில் உருளையைத் தோய்த்து அவர் கையில் திணித்தேன்.

முதலில் தன் கண்களை மறைத்தார். கடைசிப் பல் மறையும் வரை நாங்கள் ஜெபத்தை நிறுத்தவில்லை. சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை நம்பச் சொன்ன வாய் என்னுடையது.

வெள்ளை காயட்டும் என்றுகூடத் தெல்மா காத்திருக்கவில்லை. படம் வரைந்தவன் விட்டுப்போன நீலப் பெயின்ட் டப்பாவை நான் பிடித்துக்கொள்ள, அவளே எழுதினாள். எழுத்து வழிந்தது.

"கோணலா இருக்காக்கா?"

"இருந்தா இருக்கட்டும்டி. இனி எவனாவது தொடட்டும், பார்ப்போம்."