பின்பக்கத்து நாலு வரி

தீர்ப்பு சிஸ்டருக்குச் சாதகமாகத்தான் வந்திருந்தது. ஆனால் வந்தது வேறொரு நாட்டில். பதினோரு தாள், மூலையில் முத்திரை, அவளுக்கே அரைகுறையாகப் புரியும் அந்த நாட்டு மொழி. அதை வைத்துக்கொண்டு சொந்த நாட்டில் ஒரு மேசை இழுப்பறையைக்கூடத் திறக்கச் சொல்ல முடியவில்லை.

ஒன்பது வருஷம் அவள் அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சேர்ந்த அன்றே, பத்திரமாக இருக்கும் என்று சொல்லி, முதலாளி அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிக்கொண்டார். அவரும் இவள் நாட்டுக்காரர்தான் என்பதால் அவளும் யோசிக்காமல் கொடுத்தாள். ஊர் திரும்ப நினைத்துக் கேட்டபோது இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். அவள் அங்கேயே வழக்குப் போட்டாள். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீதிபதி சாட்சிகளை விசாரித்து, அவர் எழுதிக்கொடுத்திருந்த ரசீதையும் பார்த்து, சான்றிதழ்களைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பெழுதினார். அதற்குள் மனிதர் மருத்துவமனையை விற்றுவிட்டு, கோப்புகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு தாய்நாடு போய்ச் சேர்ந்திருந்தார்.

அசல் இல்லாமல் இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. படித்த கல்லூரியோ மூடிப்போய்விட்டது. நகல் வாங்கவும் வழியில்லை. அண்ணன் வீட்டில் தங்கி, ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாகப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த நர்ஸ் நரம்பு கிடைக்காமல் மூன்றாம் முறை ஊசியைக் குத்தும்போது அவளுக்குக் கை துறுதுறுக்கும். படுக்கை விரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகுவாள்.

ஒரு நாள் அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன நாளைக்கு அந்தத் தாள தலையணைக்கடியில வச்சுப் படுத்துக்கப் போற? அது என்ன, குஞ்சு பொரிக்கவா போகுது? கெளம்பு, ஒரு வக்கீலப் பாத்துட்டு வருவோம்."

வக்கீலம்மா தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். "இந்தத் தீர்ப்ப வச்சு இங்க ஒரு வழக்குப் போடலாம்மா. அந்த நாட்டு கோர்ட் சரியாச் சொல்லிச்சா தப்பாச் சொல்லிச்சான்னு நம்ம கோர்ட் மறுபடி கிளறாது. ஆனா வாசல்ல நிறுத்தி நாலு கேள்வி கேக்கும். அந்த கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்துச்சா, ஆதாரத்தப் பாத்துத்தான் தீர்ப்புச் சொன்னாங்களா, இதுல ஏமாத்து எதுவும் இருக்கா, எதிராளிக்கு முறையாத் தகவல் போச்சா. அந்தக் கடைசிக் கேள்வியப் புடிச்சுக்கிட்டுத்தான் அவரு தொங்குவாரு, பாருங்க."

அப்படியேதான் நடந்தது. எனக்கு நோட்டீஸே வரவில்லை, அந்த மாதம் நான் அந்த நாட்டிலேயே இல்லை என்று அவர் பதில் மனுப் போட்டார்.

தீர்ப்பை மொழிபெயர்க்கும் வேலை, நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்த மனிதரிடம் போயிருந்தது. கோர்ட் வட்டாரத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். ஒரு காற்புள்ளிக்காக அரை மணி நேரம் சண்டை பிடிப்பார். தீர்ப்புத் தாள்களின் முன்பக்கத்தை மட்டும்தான் அவரிடம் கேட்டிருந்தார்கள். விசாரணைக்கு மூன்று நாள் முன்பு அவரே வக்கீலம்மாவுக்குப் போன் செய்தார்.

"மேடம், ஒம்பதாவது தாளு தீர்ப்போட சேத்து வச்ச நோட்டீஸ் நகல், அதுக்குப் பின்னாடி பேனாவுல கிறுக்கின மாதிரி ஏதோ இருக்கு. யாரும் கேக்கல. ஆனா தாள்ல இருக்குறத விட்டுட்டு, முழுசா மொழிபெயர்த்தேன்னு நான் கையெழுத்துப் போட முடியாதில்ல. நேர்ல வந்து படிச்சிப் பாருங்க."

அது அங்கே நோட்டீஸ் கொண்டுபோன ஊழியர் எழுதிவைத்த குறிப்பு. வெறும் நாலு வரி. 'இரண்டு முறை போனபோது ஆள் இல்லை. மூன்றாம் முறை மருத்துவமனை வாசலில் அவரிடமே கொடுத்தேன். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால் கையெழுத்திட்டார். வக்கீலை அனுப்புவதாகச் சொன்னார்.' தேதியும், கோணல்மாணலாக முதலாளியின் கையெழுத்தும் இருந்தன. குறிப்பை எழுதியவர் பெயர் இல்லை, ஊழியர் எண் மட்டும்.

வக்கீலம்மாவோடு போயிருந்த சிஸ்டர், அந்த நாலு வரியையும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

நீதிமன்றத்தில் நீதிபதி அந்த வரிகளை மெதுவாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். முதலாளியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த வருஷம் உங்க வலது கை உடைஞ்சிருந்துச்சா?"

அவருடைய வக்கீலே அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார் கடைசியில். "மாடிப்படியில விழுந்துட்டேன்."

அடுத்த மாதமே அந்த வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கும் செல்லும் என்று உத்தரவானது. முதலாளி வக்கீலம்மாவின் அலுவலகத்துக்கு நேரில் வந்து காகித உறையை மேசையில் வைத்தார். "குடுத்துட்டா நர்ஸுங்க எல்லாரும் வேலைய விட்டுப் போயிடுவீங்கன்னு பயந்தேன். அப்புறம் குடுக்க வெக்கமாப் போச்சு," என்றார். சிஸ்டர் ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தன, ஓரம்கூட மடங்கவில்லை. திட்டுவதற்கென்று மனதில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. "சரிங்க," என்று மட்டும் சொன்னாள்.

பதிவு கிடைத்து, ஒரு மருத்துவமனையில் மறுபடி தியேட்டர் வேலைக்குச் சேர்ந்த வாரம், அவள் அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். உறையின் மேல் அந்த ஊழியர் எண்ணைப் போட்டாள். 'அன்று நீங்கள் வெறுமனே கொடுத்தாயிற்று என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்' என்று எழுதத் தொடங்கியவள் இரண்டு பக்கம் எழுதிவிட்டாள். காற்புள்ளி அதை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்தார். "இதுக்கெல்லாம் வாங்கினா நல்லாருக்காது மேடம்," என்றார்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் ஒரு பெண்.

'அந்த மருத்துவமனை வாசல் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஒரு நாளைக்கு இருபது வாசல் ஏறுகிறேன். எழுதிவைக்காவிட்டால் மறந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். அதை யாராவது படிப்பார்கள் என்று இத்தனை வருஷத்தில் நினைத்ததில்லை. உங்கள் கடிதத்தை என் கணவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.'

காற்புள்ளி மொழிபெயர்த்துக் கொடுத்ததை அடுப்படியில் நின்றபடி சிஸ்டர் அண்ணிக்குப் படித்துச் சொன்னாள். அண்ணி ஈரக்கையைத் துடைத்துவிட்டு வந்து, புரியாத எழுத்தில் இருந்த அசல் கடிதத்தைத் தானும் ஒருமுறை வாங்கிப் பார்த்தாள்.

"அந்தம்மா நல்லாருக்கணும்," என்றாள்.