பெரினாவின் நாற்பது பீப்பாய்

வழக்குப் பதிவான மூன்றாம் வாரம் ஒரு நாற்றம் ஸ்ப்ளிட் நகர நீதிமன்றத்தின் படியேறி வந்து, கூடத்தில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தது. பெரினா ஸாங்கியின் மீன் பீப்பாய்களிலிருந்துதான் வந்திருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். துறைமுகக் கிடங்கில் முத்திரை வைத்துப் பூட்டிய நாற்பது பீப்பாய் உப்பு நெத்திலி அது. வாங்கிய இத்தாலிக்காரர் கஸ்பாரே பென்ஸோ அழுகல் என்று சொல்லித் திருப்பியிருந்தார். அதன்பின் அவள் ஊரான விஸ் தீவில் பெரினா உப்பிட்ட மீனைப் பூனைகூடத் தொடவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: நடுவர் ஒருவர் பீப்பாயைத் திறந்து, தின்று பார்த்து, நல்ல மீன் என்று எழுதித் தர வேண்டும்.

தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பார் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எந்த ஊரில் என்ற இடம் மட்டும் நிரப்பாமல் வெள்ளையாக இருந்தது. அந்தக் கடற்கரையில் விருந்தாளி எழுதிய பிறகே வீட்டுக்காரர் பேனாவைத் தொடுவது வழக்கம். இவர்களோ நடுக்கடலில், படகில் வைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள். யார் விருந்தாளி? “நீங்க எழுதுங்கக்கா”, “ஐயோ, நீங்க முதல்ல” என்று மரியாதை முற்றி, மீன் சாறு ஆறி, கடைசியில் மறந்தே போனார்கள்.

ஊர் குறிக்காத ஒப்பந்தத்துக்கு நடுவரை நியமிக்க அதிகாரமில்லை, பென்ஸோவின் ஊரான வெனிஸுக்குப் போ என்றது ஸ்ப்ளிட். ஸ்ப்ளிட்டுக்குப் போ என்றது வெனிஸ். பெரினா பதினோரு வருஷம் கப்பலில் அலைந்தாள். நாற்றம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. குமாஸ்தா ஒருவர் முத்திரைப் பெட்டிக்குள் வாந்தியெடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். கோப்பின் ஓரங்களில் பூசணம் மயிராக வளர, வெள்ளிதோறும் கத்தரித்தார்கள். வக்கீல்கள் மூக்கில் பஞ்சடைத்து வாய்தா வாங்கினார்கள், பஞ்சை எடுக்காமலே சாப்பிட்டார்கள், கொழுத்தார்கள்.

“ஏம்மா, உன் மீனை எடுத்துட்டுப் போயேன். குடலைப் புரட்டுது” என்றார் நீதிபதி.

“என் மீன் பூட்டுக்குள்ள கிடக்கு, ஐயா. உங்க கோப்பைக் கொஞ்சம் மோந்து பாருங்க” என்றாள் பெரினா.

அவர் மோந்து பார்க்கவில்லை. எட்டு மாதம் ஒத்திவைத்தார்.

பன்னிரண்டாம் வருஷம் தெஸான்கா என்ற புது நீதிபதி வந்தார். “இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு காவலாளியைக் கேட்டார்.

“நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து இருக்கும்மா. குளிர்காலத்துல அடுப்புப் பக்கம் நகர்ந்துக்கும். மத்தபடி தொந்தரவு இல்ல.”

ஊர் குறிக்காத விவகாரம் எந்த ஊரோடு ஒட்டியிருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றமே நடுவரை நியமிக்கலாம், இந்த நாற்றம் இங்கே ஒட்டியிருப்பதைவிட எதுவும் எதோடும் ஒட்ட முடியாது என்று தெஸான்கா அரைப் பக்கம் எழுதி, ஷிமுன் என்ற ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரரை நியமித்தார்.

ஷிமுன் முதல் பீப்பாயைத் திறந்தார். உப்பில் பழுத்த நெத்திலி சிவந்து பளபளத்தது. கடல் வாசனை தவிர வேறில்லை. ரொட்டியோடு ஆறு மீன் தின்று, வெங்காயம் கேட்டார். பென்ஸோவும் ஒன்றை வாயில் போட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

“கிடங்குக்காரன் சொன்னதைக் கேட்டு, திறந்தே பாக்காம திருப்பிட்டேன்க்கா.”

“இத்தனை வருஷம் ஊறினா எந்த மீனும் பதமாயிடும். நீதான்டா இன்னும் ஊறல” என்றாள் பெரினா. பிறகு அவருக்கும் ரொட்டி வெட்டினாள்.

நல்ல மீன் என்று ஷிமுன் எழுதித் தந்தார். தீவே திரண்டு வந்து பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போனது. நாற்றம் போகவில்லை, போகும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த வசந்தத்தில் மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தவர் நீதிமன்றத்தில் நிரந்தரமாக வசிப்பவர் உண்டா என்று கேட்டார். ஒருவர் என்று இரண்டாம் வரிசையைக் காட்டினார் காவலாளி. வந்தவர் எழுதிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார்.