ரயில் போகட்டும்

கனடாவின் நார்த் பே என்ற ஊரில் ஜூலை வெயில் மண்டையைப் பிளந்தது. தெரு முழுக்கப் பனி கொட்டிக்கிடந்தது. அத்தனையும் காகிதத் துகள். கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்த நடிகர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, இயக்குநர் லோர்ன் பீட்டி மகளுக்காகக் காத்திருந்தார். டாரா இருக்கும் ஊர் என்பதற்காகத்தான் இந்தக் கிறிஸ்துமஸ் படத்தையே ஒப்புக்கொண்டார். இல்லாவிட்டால் இப்படியொரு கதையை எவன் தொடுவான்?

இருபத்தேழு வயதில் சொந்தமாக ஒரு படம் எடுத்தவர் அவர். பத்திரிகைக்காரர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். தியேட்டர்காரர்கள் ஈ ஓட்டினார்கள். அப்புறம் தொலைக்காட்சிதான். போலீஸ் தொடர், ஆஸ்பத்திரித் தொடர், வக்கீல் தொடர். படம்பிடித்ததெல்லாம் டொரன்டோவில், ஆனால் எதிலும் டொரன்டோ டொரன்டோவாக இருந்ததில்லை. திரையில் ஒரு வாரம் சிகாகோ, மறுவாரம் பாஸ்டன். யாரோ தொடங்கிய தொடருக்குள் விருந்தாளி மாதிரி நுழைவது, ஒரு பகுதியை முடித்துக்கொடுப்பது, கைகுலுக்கிவிட்டுக் கிளம்புவது. வீட்டுக்கும் அப்படித்தான் வந்துபோகிறார் என்று மனைவி மகளோடு இந்த ஊருக்கு வந்துவிட்டாள். இந்த ஏப்ரலில் அவள் இறந்தபோது, அடக்கம் முடிந்த கையோடு அவர் அடுத்த படப்பிடிப்புக்காக வான்கூவருக்கு விமானம் ஏறினார். அன்றிலிருந்து டாரா போனை எடுக்கவில்லை. இப்போது மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். அவள் வாயால் 'வீட்டுக்கு வாங்க' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

வந்தாள். மடக்கு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பல் விழுந்தது, ஏரியில் மீன் குறைந்தது என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. பின்னாலிருந்த தண்டவாளத்தில் சரக்கு ரயில் நுழையும் நேரம் பார்த்து டாரா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். நெனச்சாலே பயமா இருக்கு. நீங்க வந்து எங்ககூட இருக்கீங்களா?"

ரயில் ஊதியது. லோர்னின் கை தானாக மேலே போனது.

"ரயில் போகட்டும். முதல்லேருந்து இன்னொரு தடவ சொல்லு."

படப்பிடிப்பில் வெளிச்சத்தம் குறுக்கிட்டால் வசனத்தைத் திரும்பச் சொல்லவைத்து ஆயுசு முழுக்க ஊறிய பழக்கம். உண்மையில் அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருந்தது. பாழாய்ப்போன வாய்! உடனே "வரேம்மா" என்றார். அதை ரயில் தின்றுவிட்டது. பெட்டிக்குப் பின்னால் பெட்டியாக வந்துகொண்டேயிருந்தது. டாரா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் ஓய்ந்ததும், "கேட்டுச்சும்மா. வரேன்னு சொன்னேன்," என்றார்.

"உள்ளேருந்து வந்ததுப்பா அது. ரெண்டாந்தடவ சொல்ல எனக்கு நடிக்கத் தெரியாது."

கோபமில்லை, லேசாகச் சிரித்தாள்கூட. அதுதான் அவரைக் கொன்றது. கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, தெருவின் மறுமுனையில் நின்ற காருக்கு அந்தப் பனி வழியாகவே நடந்தாள். செருப்புத் தடம் வரிசையாக விழுந்துகொண்டே போனது.

லோர்ன் எழுந்தார். அவளை நிறுத்தக் கையைத் தூக்கினார். அது சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான சைகை என்று நினைத்துக்கொண்ட உதவி இயக்குநர் எல்லாரையும் இடத்துக்குப் போகச் சொன்னார். வாருகோலோடு இரண்டு பேர் ஓடிவந்து தடங்களை நிரவத் தொடங்கினார்கள். கார் திருப்பத்தில் மறைந்தது.

"எல்லாம் ரெடி சார்," என்றார் உதவி இயக்குநர்.

தெருவில் யாரும் வந்துபோன அடையாளமே இல்லை.