அமிலம் விட்ட பாட்டில்

எங்கள் குடிநீர் ஆய்வகத்தில், சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் பாட்டில்களில் முன்கூட்டியே அமிலம் விட்டுவைப்பார்கள். உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிவிடக் கூடாதென்று அப்படி. ஈயத்துக்குச் சரி, இரும்புக்குச் சரி. குரோமியத்தில் விஷமான வகை ஒன்று உண்டு. அதைத் தேடும்போது மட்டும் இதைச் செய்யவே கூடாது. அமிலமும் குழாய்த் துருவும் சேர்ந்து, சோதனைக்கு வருவதற்குள் அதை வேறு வகையாக மாற்றிவிடும். பிறகு அதைக் காட்டிக்கொடுக்கும் சோதனை மருந்தை ஊற்றினால் நிறம் வராது. நிறம் வராவிட்டால் அறிக்கையில் ‘இல்லை’. எல்லா வகைக் குரோமியத்தையும் மொத்தமாக அளக்கும் இயந்திரமோ பழுதாகி, மேலே துணி போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

இதெல்லாம் எனக்கு உறைத்தது அக்கா வீட்டு வெள்ளை வாளியால். குரோமிய முலாம் பூசும் பட்டறைகளுக்குப் பின்னால் போட்ட புது ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் அவள் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது. குழந்தையைக் குளிப்பாட்டப் பிடித்திருந்த தண்ணீர் லேசாக மஞ்சளடித்தது. வாளி பழசு என்றாள் அக்கா. நான் குடிக்க வைத்திருந்த என் பாட்டிலைக் காலி செய்து, அந்தக் குழாயில் பிடித்து, நேராக ஆய்வகத்துக்கு ஓடினேன். மருந்து விட்ட மறுநொடி கண்ணாடிக் குழாயில் ஊதா ஏறியது. அதே தெருவிலிருந்து முறைப்படி அமிலம் விட்டு வந்திருந்த பாட்டிலில் ஒன்றுமில்லை. மிச்சத் தண்ணீரில் பாதிக்கு அமிலம் விட்டு வைத்தேன். மறுநாள் மருந்து விட்டபோது அந்தப் பாதியில் நிறம் வரவில்லை. விடாத பாதி அப்படியே ஊதா காட்டியது.

இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் எங்கள் தலைமை ஆய்வாளரின் மேசைமேல் நிறுத்தினேன். அவர் டீயை நகர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். முத்திரை இல்லாத பாட்டில், சொந்தக்காரி வீட்டுத் தண்ணீர், இதையெல்லாம் கணக்கில் எடுக்க முடியாது என்றார். சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் செய்கிறோம் என்றார்.

“அப்ப சேர்ந்த நாள்லேர்ந்து தப்பா செய்றோம் சார்.”

அவருக்கு முகம் கறுத்தது. முறை தப்பென்று எழுதினால் இதுவரை போன அத்தனை அறிக்கைக்கும் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அடுத்த மாதம் கூட்டத்தில் பேசலாமாம். அதுவரை அக்கா வீட்டுச் சில்வண்டு அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மாவைத்தான் குடிக்க வேண்டும். நாலு மாதக் குழந்தை. அழுகிற சத்தத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

நாற்காலியில் உட்கார முடியவில்லை. போனில் சொன்னால் அக்கா நம்பமாட்டாள், கண்ணால் பார்க்க வேண்டும். மருந்துப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, கேட்காமலே வெளியே வந்துவிட்டேன். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் உயிரை எடுத்தது. இறங்கி நடந்தேன். நடை போதாமல் ஓடினேன்.

அக்கா அடுப்பில் தண்ணீர் காயவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தேன்.

“கொதிக்க வெச்சுத்தான்டி குடுக்கிறேன். படிச்சவ நீ ஒருத்தி வந்தா வீட்ல எதுதான் ஒழுங்கா இருக்கும்?”

கொதித்தால் கிருமிதான் சாகும், இது சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டிப்படும் என்றேன். அவள் நம்பவில்லை. டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து மருந்தை விட்டேன். ஊதா. பையிலிருந்த கடைத் தண்ணீரில் விட்டேன். ஒன்றுமில்லை. அக்கா இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் நினைத்தது குழந்தைக்காக என்று. அவள் சொன்னது வேறு. புதுத் தண்ணீர் வந்தபோது தெருவே பயந்து, கேன் தண்ணீர் வாங்கியதாம். இவள்தான் வீடு வீடாகப் போய் நிறுத்தினாளாம்.

“என் தங்கச்சி தண்ணி டெஸ்ட் பண்ற எடத்துலதான் வேலை பாக்குறா, கெட்ட தண்ணின்னா சொந்த அக்காகிட்ட சொல்லமாட்டாளான்னு கேட்டேன். எல்லாரும் நிறுத்திட்டாங்கடி.”

பள்ளியை விட்டு, பனியன் கம்பெனியில் நின்று என்னைப் படிக்கவைத்தவள். என் வேலையை ஊருக்கே சொல்லித் திரிந்தவள்.

கைப்பேசி அடித்தது. தலைமை ஆய்வாளர். புட்டி காணவில்லை, எங்கே இருக்கிறாய் என்றார். அக்கா வீட்டில் என்றேன். குரலைத் தாழ்த்தி, வெளியே யாரிடமும் வாய் திறக்காதே, வேலை போய்விடும் என்றார்.

அக்கா எழுந்து குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஊதா டம்ளரை ஒரு கையில் எடுத்தாள். முதல் கதவு தையல்காரம்மாவுடையது. நான் கைப்பேசியைத் துண்டிக்காமல் கையில் பிடித்தபடியே பின்னால் போனேன், தலைமை ஆய்வாளரும் கேட்கட்டும்.

“இந்தத் தண்ணி வேண்டாம்மா. நான்தான் குடிக்கச் சொன்னேன். தப்பு.”

தையல்காரம்மா டம்ளரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“சரி, இனிமே குடிக்கல. இத்தனை நாள் குடிச்சதுக்கு?”

“தெரியலம்மா” என்றேன். அக்கா ஏற்கெனவே அடுத்த கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.