தலை ஆடிக்கு வந்த இன்ஜினீயர்

மாயக்கண்ணனுக்கு எல்லாக் கேடும் வாயால்தான் வந்தது. சென்னையில் அவன் பார்ப்பது, ஒரு கம்பெனியில் உட்கார்ந்து வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் தட்டுகிற வேலை. அவனுடைய கம்ப்யூட்டர் நின்றுபோனால் மேல்மாடியிலிருந்து ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் கம்ப்யூட்டர் இன்ஜினீயராமே" என்று யாரோ கேட்க, அசட்டுச் சிரிப்போடு "ஆமா" என்று சொல்லிவிட்டான். பெண்ணின் ஊரான கோட்டையூரில் அன்றிலிருந்து அவன் இன்ஜினீயர்.

தலை ஆடி விருந்துக்கு மனைவி தேவிகாவோடு மாமனார் வீட்டுக்கு வந்த அன்றைக்கென்று பார்த்து, மைத்துனி அனுசுயாவின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதில்தான் அவள் கல்யாண ரவிக்கைகளுக்கு டிசைன் வரைந்து எம்ப்ராய்டரி மிஷினில் ஏற்றுவாள். ஆவணி முகூர்த்தங்களுக்கு ஏகப்பட்ட ரவிக்கைகளை ஒப்புக்கொண்டிருந்தாள். விண்டோஸை மறுபடி போட வேண்டும் போலிருக்கிறது, காரைக்குடிக் கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று அவள் கிளம்பியபோது மாமனார் இருளாண்டி மறித்தார்.

"வீட்டு மாப்பிள்ளையே இன்ஜினீயரா இருக்காக. கடைக்காரன்கிட்டத் தூக்கிட்டுப் போனா ஊரு சிரிக்காதா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இதெல்லாம் ஒரு வேலையா மாமா, இங்க வைங்க" என்றான் நம் ஆள்.

செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, தேவிகாவின் லேப்டாப்பில் விண்டோஸை இறக்கி, மேசையில் கிடந்த ஒரு பழைய பென்டிரைவில் ஏற்றிச் செருகினான். பாதி வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஏதோ ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றது. மறுபடி போட்டான். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. வீடியோவுக்குக் கீழே எவனோ ஒருவன், டிஸ்க்கைப் பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருக்கிற பார்ட்டிஷனையெல்லாம் அழித்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தான்.

"மச்சான், டி டிரைவ்லதான் என் டிசைன் பூராம் இருக்கு. அது போயிராதுல்ல?" என்று அனுசுயா நாற்காலிக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"விண்டோஸ் போறது சி-யில. டி வேற. எனக்குத் தெரியாதா?"

திரையில் சி என்றும் இல்லை, டி என்றும் இல்லை. பார்ட்டிஷன்கள் வெறும் எண்களாக வரிசையில் நின்றன. அவளிடம் அப்படிச் சொல்லிவிட்டபின் எது எது என்று விழிக்கவும் கூச்சமாக இருந்தது. ஒவ்வொன்றாக டெலீட் கொடுத்தான். ஒரு எச்சரிக்கை வந்தது. அதை வாசிக்காமலே, வாசித்தவன்போலத் தலையசைத்து ஓகே தட்டினான். விண்டோஸ் திரும்பவும் பழைய இடத்திலேயே நின்றது.

இதற்குள் அடுப்படியில் கறிக்குழம்பு ஆறிப்போய் இரண்டாவது முறை சூடேறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சாப்பிட்டு எழாமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரரான இருளாண்டி பசியில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். மாமியார் பொன்னுத்தாயி நிலைப்படிவரை வருவதும் போவதுமாக இருந்தாள். எழுந்து போய்ச் சாப்பிடலாம் என்றால், தோற்றுவிட்டேன் என்று சொன்னதாக ஆகிவிடுமே. ஒரு வீட்டையே பட்டினி போட்டுக்கொண்டு அவன் வியர்த்து வழிந்தான்.

கடைசியில் தேவிகா தன்னுடைய பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் ஏற்றிப் போட்டதும் விண்டோஸ் சமர்த்தாக ஏறிக்கொண்டது. கோளாறு பழைய பென்டிரைவில்தான். எதையும் அழித்திருக்கவே வேண்டியதில்லை.

"நான் சொல்லல?" என்று இருளாண்டி எழுந்தார். அனுசுயா உட்கார்ந்து தேடினாள். திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"டி-யக் காணோம்ப்பா. ஒரு டிசைன்கூட இல்ல."

"மாப்பிள்ளை நல்லபடியா ஏத்திக் குடுத்துட்டாக. உன் சாமான நீதான் பத்திரமா வச்சிருக்கணும். வேற எங்குட்டாவது ஒரு காப்பி எடுத்து வைக்கத் துப்பில்ல, பேச வந்துட்டா. போ, போய் இலையப் போடு."

மாயக்கண்ணன் சாப்பிடப் போனான். இலையில் உட்கார்ந்தான். கறியை அனுசுயாதான் பரிமாறினாள். அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டவன், பிறகு நிமிரவில்லை. அவமானத்தோடு சோற்றை விழுங்கினான்.

கை கழுவப் போன இடத்தில் அவள்தான் செம்பை நீட்டினாள்.

"நீங்க அழிக்கறப்ப பின்னாலதான் நின்னேன் மச்சான். வேண்டாம்னு கையப் புடிச்சிருக்கணும். விருந்துக்கு வந்தவுகள அப்பா முன்னாடி எப்புடித் தடுக்கறதுன்னு நின்னுட்டேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "கடைசி வரைக்கும் உங்களுக்குத் தெரியும்னே நெனச்சேன்."

ஈரக் கையோடு திரும்பிப் போனான். இருளாண்டி அப்போதுதான் முதல் உருண்டையை எடுத்திருந்தார்.

"மாமா, அனுசுயா மேல தப்பில்ல. நான்தான் அழிச்சேன். எனக்கு இந்த வேலையே தெரியாது. நான் இன்ஜினீயரும் இல்ல."

இருளாண்டி அவனை அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் நெகிழ்ந்துபோயிற்று. பிறகு இளைய மகளைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தியா, நீ ஏச்சு வாங்கக் கூடாதுன்னு என்னமாப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாக. இப்பேர்ப்பட்டவுக மனசு நோகப் பேசிட்டியே. மாப்பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளு."

"மன்னிச்சுக்கங்க மச்சான்" என்றாள் அனுசுயா.